இரண்டாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா? ரிசார்ட் ஸ்பாவில் வேலை செய்வோரிடம் ஒரு கேள்வி

ஆற்றங்கரை எழுதியது:

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்துப் பெண். கோவளத்தில் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மொரீஷியஸின் கிழக்குக் கரையில் உள்ள ஓர் ஐந்து நட்சத்திர ரிசார்ட்டுக்கு ஸ்பா தெரபிஸ்டாக வந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. முதல் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இரண்டாவது ஒப்பந்தத்தை நிர்வாகம் கையில் கொடுத்து, பதினைந்து நாளில் பதில் சொல்லுமாறு கேட்டிருக்கிறது.

இதுவரை அடிப்படைச் சம்பளம் 22,000 மொரீஷியஸ் ரூபாய். நான் செய்யும் ஒவ்வொரு சிகிச்சையின் விலையிலும் 3 சதவீதம் கமிஷன். ஒரு நாளைக்கு ஐந்து சிகிச்சைக்கு மேல் எழுத மாட்டார்கள். புதிய ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 26,000 ஆகிறது, கமிஷனும் 6 சதவீதமாகிறது. ஆனால் மாதத்தில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் நான் செய்த வேலைக்குத்தான் அந்தக் கமிஷன். ஐந்து என்ற வரம்பை எடுத்துவிட்டு, "தேவைக்கேற்ப ஏழு வரை" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் இடத்தில் ஒரு சிகிச்சை சராசரியாக 4,500 ரூபாய்க்குப் போகிறது.

பார்த்தவுடன் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னபோது, கமிஷன் இரட்டிப்பாகிறதே, இன்னும் என்ன யோசனை என்றார்கள். யோசிக்க வைப்பது என் கட்டைவிரல். மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் வலது கட்டைவிரலின் அடிப்பகுதி கனக்கிறது. நேற்றுத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல், அதே அறையில் தங்கியிருக்கும் பாலித் தீவுப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். மூடியைக் கடைசியில் இரண்டு பேரும் கதவிடுக்கில் வைத்துத்தான் திறந்தோம்.

இந்தத் தொழிலில் நீண்ட நாள் இருப்பவர்கள் சொல்லுங்கள். கையெழுத்திடலாமா?

கருங்கல்மேடு எழுதியது:

தங்கச்சி, நான் புதுக்கோட்டைப் பக்கம். இந்தத் தீவுக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. எட்டு ஆண்டுகள் தெரபிஸ்டாக இருந்துவிட்டு, இப்போது மேற்குக் கரையில் புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சம்பளத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபது நிமிடச் சிகிச்சை என்று விலைப்பட்டியலில் இருப்பது உண்மையில் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. விருந்தினரை வரவேற்று, ஆலோசனை அட்டையில் இரத்த அழுத்தம், கர்ப்பம், அறுவைச் சிகிச்சை, ஒவ்வாமை எல்லாவற்றையும் கேட்டு நிரப்பி, பாதம் கழுவி, மேசையில் படுக்கவைத்து ஐம்பது நிமிடம் உழைத்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, விரிப்பை மாற்றி, எண்ணெய்த் துண்டுகளைத் தனிக் கூடையில் போட்டு, கிண்ணங்களைக் கழுவி, அடுத்தவருக்கு விளக்கைத் தணித்து நிற்க வேண்டும். இடையில் பதினைந்து நிமிடம் இருந்தால் மூச்சு விடலாம். ஒரு நாளைக்கு ஏழு என்றால் அந்தப் பதினைந்து பத்தாகும், பிறகு ஐந்தாகும். கைக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நேரம் அதுதான்.

கேட்கிறேனே என்று நினைக்காதே, உன் மேசையின் உயரம் என்ன? மேசைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் உன் விரல் முட்டிகள் மெத்தையைத் தொட வேண்டும். அதைவிட மேசை உயரமாக இருந்தால் உடல் எடை இறங்காது, தோளும் கட்டைவிரலும்தான் வேலை செய்யும். இரண்டு பேர் ஒரே அறையை மாறி மாறிப் பயன்படுத்தும் இடங்களில், உயரமான பெண் வைத்த உயரத்திலேயே குட்டையானவளும் வேலை செய்துகொண்டிருப்பாள். மாற்ற இரண்டு நிமிடம் வேண்டும், அந்த இரண்டு நிமிடம் அட்டவணையில் இருக்காது.

பிரெஞ்சு விருந்தினர் பாதிப் பேர் "ப்ளூ ஃபோர்", அதாவது இன்னும் பலமாக என்பார்கள். அப்போது புதுப்பெண்கள் கட்டைவிரலைச் செங்குத்தாக ஊன்றுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முன்கையின் சதைப்பகுதியை முதுகுத்தண்டின் ஓரமாக வைத்து, பின்காலை ஊன்றி, இடுப்பிலிருந்து சாய்ந்தால் அதே அழுத்தம் கிடைக்கும், விரலுக்கு வேலையே இல்லை. கட்டைவிரலைத் தோள்பட்டை எலும்பின் விளிம்பு, பாதம் போன்ற சிறிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள். அதையும் மற்றொரு கட்டைவிரலால் மேலிருந்து தாங்கு.

என் அனுபவத்தில் நாளொன்றுக்கு ஐந்து என்பதே விளிம்பு. அந்த ஐந்திலும் ஒன்றோ இரண்டோ முகச்சிகிச்சையாகவோ உடல் தேய்ப்பாகவோ இருக்க வேண்டும். ஐந்தும் ஆழ்திசு மசாஜ், அதாவது தசையின் ஆழம் வரை அழுத்திச் செய்வது, என்றால் அது வேறு கணக்கு. எண்ணிக்கையைக் கேட்கும்போது எதன் எண்ணிக்கை என்று கேட்கத் தவறாதே.

சுண்டுவிரல் எழுதியது:

நான் சென்னையில் படித்த பிசியோதெரபிஸ்ட், ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்வது முறையன்று. ஆனால் ஒரு சோதனையை மெதுவாகச் செய்து பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயுங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் சுரீரென்று இழுத்தால், அங்கே ஓடும் தசைநாண்களின் உறை தடித்திருக்கலாம். 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஒருவர் விவரித்ததால் அவர் பெயரால் டீ குவெர்வெய்ன் நோய் என்பார்கள். கைக்குழந்தையை நாள் முழுவதும் தூக்கும் தாய்மார்களுக்கு இது அதிகம் வரும், உங்கள் தொழிலிலும் வரும். வலி மணிக்கட்டில் இல்லாமல் கட்டைவிரலின் அடி மூட்டிலேயே இருந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

தொடக்கத்திலேயே பார்த்தால் பட்டையும் ஓய்வும் பெரும்பாலும் போதும். கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் "வரும்போதே வலியோடு வந்தாள்" என்று யாரும் சொல்லக்கூடாது.

காத்ர் போர்ன் கிழவர் எழுதியது:

மகளே, நான் இந்தத் தீவிலேயே, காத்ர் போர்ன் நகரத்தில் பிறந்தவன். என் தமிழ் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் கற்ற தமிழ், ஆகவே புத்தகம் போல் இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டல்களின் பணியாளர் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒப்பந்தங்களை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால், அவை எப்படி எழுதப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும்.

உன் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மாதத்தில் 25 நாள் வேலை என்று கொள்வோம்.

பழைய முறையில் நாளுக்கு ஐந்து என்றால் மாதம் 125 சிகிச்சை. விலை 5,62,500 ரூபாய். அதில் 3 சதவீதம் 16,875 ரூபாய்.

புதிய முறையிலும் அதே ஐந்தையே செய்கிறாய் என்று வைத்துக்கொள். 5 லட்சத்துக்கு மேல் இருப்பது 62,500 மட்டுமே. அதில் 6 சதவீதம் 3,750. சம்பள உயர்வு 4,000 சேர்த்தாலும் 7,750 தான் வரும். அதே வேலைக்கு மாதம் 9,125 ரூபாய் குறைகிறது.

ஏழு செய்தால்? மாதம் 175 சிகிச்சை, 7,87,500 ரூபாய். வரம்புக்கு மேல் 2,87,500. கமிஷன் 17,250, உயர்வோடு 21,250. பழைய 16,875ஐ விட 4,375 ரூபாய் கூடுதல். இந்த 4,375க்காக நீ கூடுதலாகச் செய்தது ஐம்பது சிகிச்சை. ஒன்றுக்கு 87 ரூபாய் 50 சதம். விருந்தினர் அதே ஒரு மணி நேரத்துக்கு 4,500 ரூபாய் கட்டுகிறார்.

இனி ஆள் வராத மாதங்கள். ஜூனில் நாளுக்கு மூன்று கிடைத்தால் 75 சிகிச்சை, 3,37,500 ரூபாய். பழைய முறையில் 10,125 கமிஷன். புதிய முறையில் ஒரு சதம்கூட இல்லை, அந்த 4,000 மட்டும்தான்.

இதைக் கமிஷன் இரட்டிப்பு என்று சொல்லலாம், பொய்யன்று. நானும் என் காலத்தில் இதுபோன்ற வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சதவீதத்தைப் பெரிய எழுத்திலும் வரம்பை அடுத்த பக்கத்திலும் வைப்போம்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு சொல். 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் உள்நாட்டவருக்கும் உங்களுக்கும் ஒன்றே. வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு, அரசு விடுமுறை நாளில் இரண்டு மடங்கு. ஆண்டு முடிவில் அந்த ஆண்டின் வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போனஸ், அதில் முக்கால் பங்கை கிறிஸ்துமசுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். ஏழு சிகிச்சையும் இடைவெளியும் சேர்ந்து வாரம் 45 மணியைத் தாண்டினால் அந்தக் கூடுதல் நேரத்துக்குக் கமிஷன் போதும் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நீ எத்தனை மணிக்கு அறைக்குள் போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்பதை ஒரு குறிப்பேட்டில் தினமும் எழுது. முன்பதிவுக் கணினி அவர்களிடம் இருக்கிறது, குறிப்பேடு உன்னிடம் இருக்கட்டும்.

உப்புக்காற்று எழுதியது:

ஐயா போட்ட கணக்கில் எனக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நான் இந்நாட்டுத் தமிழன். நான்கு ஆண்டுகள் பயணக் கப்பல் ஒன்றின் ஸ்பாவில் இருந்துவிட்டு, இப்போது லெ மோர்ன் பக்கம் ஆண் தெரபிஸ்டாக இருக்கிறேன். முன்பதிவு செய்யும்போதே வரவேற்பில் "பெண் தெரபிஸ்டா, ஆணா?" என்று கேட்பார்கள். பெண் விருந்தினர் பெண்ணைக் கேட்பார், ஆண் விருந்தினரும் பெண்ணையே கேட்பார். எனக்கு வருபவர்கள் பெரும்பாலும் கடலில் காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) விளையாடிவிட்டு முன்கை இறுகிப்போய் வருபவர்களும், கோல்ஃப் ஆடி இடுப்பு பிடித்தவர்களும்தான்.

ஆகவே அந்த 5 லட்சம் போன்ற தனிநபர் இலக்கு என்பது, வரவேற்பில் இருப்பவர் யாருடைய பெயரை எழுதுகிறாரோ அவருக்குச் சாதகமான ஏற்பாடு. அவருக்குப் பிடித்தவர் இலக்கைத் தொடுவார், பிடிக்காதவர் தொட மாட்டார். எங்கள் இடத்தில் இப்படி ஓர் இலக்கு வந்தபோது ஆறு மாதத்தில் தெரபிஸ்டுகளுக்குள் பேச்சே நின்றுபோனது. பிறகு கமிஷனை மொத்தமாகச் சேர்த்து, வேலை செய்த நாள்களின்படி பிரித்தார்கள். அதிலும் குறை உண்டு, சோம்பேறிக்கும் பங்கு போகும். இருந்தாலும் மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் உண்கிறோம்.

கிளம்பப்போகிறவள் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறேன். மொரீஷியஸ் ஸ்பா வேலைக்கு முகவர் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். சரியா?

கருங்கல்மேடு எழுதியது:

சரியில்லை. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீதான ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது கொடுக்க வேண்டும். அவருடைய உரிம எண்ணை இந்திய அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார். குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் மொரீஷியஸ் இல்லை என்பதால், விமான நிலையத்தில் யாரும் உன் காகிதத்தைத் துருவிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் ஆபத்து. வேலை அனுமதியை முதலாளி விண்ணப்பித்து வாங்க வேண்டும். அது வந்த பிறகு விமானம் ஏறு. சுற்றுலாவாக வந்து துண்டைக் கையில் எடுத்தால் நீதான் சட்டத்தை மீறியவள், முகவர் அல்லர்.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைக்கிறோம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதே. அது இந்திய அரசின் சொத்து. பிரதி எடுத்துக் கொடு.

மற்ற கேள்விகளுக்குத் தனி இழை தொடங்கு, இங்கே தங்கச்சியின் விஷயம் ஓடட்டும்.

ஊர்க்குரல் எழுதியது:

எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள், ஒருவரும் அடிப்படையைப் பேசவில்லை. குடும்பத்துப் பெண் கடல் கடந்து போய் அந்நியருக்கு உடம்பு பிடித்துவிடுவது ஒரு வேலையா? நாளைக்குப் பெண் பார்க்க வருபவர்களிடம் என்ன சொல்வார்கள்? ஊருக்குத் திரும்பி வருவதே நல்லது.

ஆற்றங்கரை எழுதியது:

உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பாரிசிலிருந்து பதினொரு மணி நேரம் பறந்து வந்த ஓர் அம்மையார், அறுபது வயதிருக்கும், இறங்கிய அன்றே கால் வலிக்கிறது, நன்றாக அழுத்திப் பிடித்துவிடு என்று வந்து படுத்தார். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருந்தது. புறங்கையை வைத்தேன், சூடாக இருந்தது. எண்ணெயைத் தொடாமல் துணியால் மூடிவிட்டு, இன்றைக்கு மசாஜ் செய்ய முடியாது, முதலில் மருத்துவர் பார்க்கட்டும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. வரவேற்பில் புகார் செய்தார். மாலையில் மருத்துவமனையில் பார்த்தபோது காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது. அதை அழுத்திப் பிடித்துவிட்டிருந்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். மூன்றாம் நாள் அவருடைய கணவர் ஸ்பா வாசலில் வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

அன்றைய தினம் எனக்கு அந்தச் சிகிச்சைக்கான கமிஷன் கிடையாது. புதிய ஒப்பந்தம் நடப்பில் இருந்திருந்தால், இலக்கில் 4,500 ரூபாய் குறைந்திருக்கும். இரவு படுத்த பிறகு எனக்கு அதுதான் உறுத்தியது. மாதக் கடைசியில், இலக்குக்கு இரண்டு சிகிச்சை குறைவாக இருக்கும் ஒரு மாலையில், அதே காலைப் பார்த்து நான் அதே முடிவை எடுப்பேனா?

கருங்கல்மேடு எழுதியது:

எடுப்பாய். ஆனால் எல்லோரும் எடுப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டாம் நாளே வெயிலில் முதுகு வெந்து சிவந்து வருபவருக்கும், இரத்தம் இளக்கும் மருந்து உண்பவருக்கும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருப்பவருக்கும் இல்லை என்று சொல்லும் இடம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தெரபிஸ்ட் உடல்நலக் காரணத்தால் மறுத்த சிகிச்சையை, செய்ததாகவே கணக்கில் எழுத வேண்டும் என்று கேள். நான் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறோம்.

ஊர்க்குரல் ஐயாவுக்கு. என் அக்காள் கணவர், நான் வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத்தான் ஊரில் ஐந்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கிழவிக்குப் புடவை வைத்துக் கொடுக்கிற ஊர்தான் அதுவும். இந்தத் தொழிலில் அசிங்கம் நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் முன்பு வேலை செய்த ஓர் ஓட்டலில், மேசையில் படுத்திருந்த ஒருவர் வேறு வேலை கேட்டார். கையை எடுத்துவிட்டு வெளியே வந்து மணியை அழுத்தினேன். மேலாளர் வந்து அந்த விருந்தினரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார், பிறகு என்னிடம் நடந்ததைக் கேட்டார். அன்று அறைக்குப் போய் அழுதேன், மறுவாரம் வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது, இடம் மாற வேண்டுமென்றால் எல்லாக் காகிதத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அதே அறையில்தான் வேலை செய்தேன்.

ஆகவே தங்கச்சி, இன்னொன்றையும் கேள். சிகிச்சையை நிறுத்தி வெளியேற உனக்கு உரிமை உண்டு என்றும், அறிக்கையை நீயே எழுதுவாய் என்றும் எழுத்தில் இருக்கிறதா?

காத்ர் போர்ன் கிழவர் எழுதியது:

என் முன்னோர் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் மதராசிலிருந்து கப்பலேறி வந்தவர். 1834 முதல் இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்ட வந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் அவரும் ஒருவர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கீழே ஒரு கீறல் போட்டார். நீ படிக்கத் தெரிந்தவள், நிதானமாகப் படி. இப்போது அதே கரும்பின் சர்க்கரையை எண்ணெயில் குழைத்து விருந்தினர் முதுகில் தேய்க்கிறீர்களாம், என் பேத்தி சொல்லிச் சிரித்தாள். அது இருக்கட்டும்.

வேலை அனுமதிக்காகத் தொழில் அமைச்சகத்தில் சரிபார்த்த ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அவர்கள் உன் கையில் கொடுத்திருக்கும் தாளும் அதுவும் ஒன்றுதானா என்று முதலில் கேள். வேறாக இருந்தால் அமைச்சகத்தில் புலம்பெயர் தொழிலாளருக்கென்று இருக்கும் பிரிவில் காட்டு. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கோபத்தோடு போகாதே, நான் போட்ட கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போ. பணியாளர் பிரிவில் இருப்பவர்கள் கண்ணீருக்கு அசைய மாட்டார்கள், நான் அசைந்ததில்லை. ஆனால் தாங்கள் எழுதிய வரியின் விளைவை எதிரில் இருப்பவர் எண்ணாகவே காட்டிவிட்டால் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் உன் கோரிக்கையைச் சொல்.

"தேவைக்கேற்ப" என்ற சொல்லை எடுக்கச் சொல். யாருடைய தேவை என்று அதில் இல்லை.

சூறாவளிக் காலத்தையும் மறக்காதே. மூன்றாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை வந்தால் உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதியிலேயே தங்கியிருக்கும் நீங்கள்தான் விருந்தினரைப் பார்த்துக்கொள்வீர்கள். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த நாள்களில் வேலை செய்வோருக்குச் சட்டப்படி கூடுதல் ஊதியமும் உணவும் உண்டு. யாரும் தாமாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

இங்கே "சரி" என்பதற்கு "கோரெக்" என்போம். எதைக் கேட்டாலும் உடனே கோரெக் என்று சொல்லிவிடுவது இந்நாட்டுப் பழக்கம், நீயும் கற்றுக்கொண்டிருப்பாய். இரண்டு நாளைக்கு அந்தச் சொல்லை மறந்துவிடு.

உப்புக்காற்று எழுதியது:

எண்ணெய்த் துண்டைப் பற்றி அக்கா மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சேர்க்கிறேன். எண்ணெய் முழுவதும் போகாத துண்டுகளை உலர்த்தியில் சூடாக எடுத்து அப்படியே மடித்துக் குவித்தால், உள்ளே வெப்பம் கூடிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். நான் இருந்த கப்பலில் நள்ளிரவில் அலமாரியிலிருந்து புகை வந்தது. நாளுக்கு ஏழு சிகிச்சை என்றால் எத்தனை துண்டு என்று எண்ணிப் பாருங்கள், அவற்றை ஆறவிட்டு மடிக்க யாருக்கு நேரம் இருக்கும்? இதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். விரல் வலியைக் கேட்காத மேலாளர்கூட, தீ என்றால் கேட்பார்.

ஆற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரைப் பார்த்தேன். சுண்டுவிரல் அவர்கள் சொன்ன தசைநாண் உறைதான். மூன்று வாரம் பட்டை கட்டச் சொல்லியிருக்கிறார், குறிப்பும் கொடுத்தார். மேசையை இரண்டு துளை கீழே இறக்கிவிட்டேன். முன்கையால் செய்வது முதல் இரண்டு நாள் கோணலாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு விருந்தினர் தானாகவே, அழுத்தம் போதும், இதற்கு மேல் வேண்டாம் என்றார். இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஐயா சொன்னபடி ஒரே தாளில் கணக்கை எழுதிக்கொண்டு போனேன். 87 ரூபாய் 50 சதம் என்ற இடத்தில் பணியாளர் பிரிவு அம்மையார் தன் கணினியில் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு, உண்மையிலேயே, சற்று நேரம் பேசவில்லை. நான் கேட்டவை மூன்று. நாளுக்கு ஐந்து, அதில் ஆழ்திசு மூன்றுக்கு மேல் கூடாது. இலக்கு வேண்டாம், பழைய 3 சதவீதமே போதும். உடல்நலக் காரணத்தால் மறுத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்றாவதை உடனே ஒப்புக்கொண்டார், அந்த பாரிஸ் அம்மையாரின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. முதலாவதில் ஆறு என்று நிற்கிறார்கள், ஆனால் ஆறாவதுக்குத் தனிக் கட்டணம் தருவதாகவும், அது என் சம்மதத்தோடுதான் என்றும் சொல்கிறார்கள். இலக்கை 5 லட்சத்திலிருந்து 3 லட்சமாகக் குறைக்கிறோம் என்றார்கள். ஐயா, அதைப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஐந்து என்றால் 2,62,500க்கு 6 சதவீதம் 15,750, உயர்வோடு 19,750. ஜூனில் மூன்று என்றால் 2,250, உயர்வோடு 6,250. ஆள் வராத மாதங்களில் இன்னும் நட்டம்தான், மற்ற மாதங்களில் ஈடாகிறது. இரண்டு ஆண்டுக்குப் பதில் ஓராண்டு ஒப்பந்தமாகக் கேட்டிருக்கிறேன். பாலிப் பெண்ணும் என்னோடு வந்து அதே தாளை நீட்டினாள். நான் எழுதியதைப் பார்த்து அவள் தன் மொழியில் எழுதி வைத்திருந்தாள்.

எழுத்தில் வந்தால் கையெழுத்திடுவேன். இன்னும் வரவில்லை.

காத்ர் போர்ன் கிழவர் எழுதியது:

உன் கணக்குச் சரி. மாதத்துக்கு மாதம் அல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலக்கைக் கணக்கிடச் சொல்லிப் பார். அவர்களுக்கும் வேலை குறையும் என்று சொல். ஆனால் முன்னதாக உன் பழைய மாதங்களைக் குறிப்பேட்டிலிருந்து அப்படிக் கூட்டிப் பார்த்துக்கொள். கூட்டினால் உனக்குக் குறைகிறது என்றால் வாயைத் திறக்காதே.

தைப்பூசம் வருகிறதே, அன்றைக்கு உனக்கு வேலையா?

ஆற்றங்கரை எழுதியது:

கூட்டிப் பார்த்துவிட்டேன் ஐயா. குறைகிறது. வாயைத் திறக்கவில்லை.

தைப்பூசத்தன்று அட்டவணையில் என் பெயர் இருந்தது, இரண்டு மடங்கு ஊதியம். சென்ற ஆண்டு அதை வாங்கிக்கொண்டேன். இந்த முறை விடுப்புக் கேட்டு, கிடைத்தும் விட்டது. இன்றோடு விரதம் நான்காம் நாள். நீங்கள் கிரியோலில் சாம்போ என்று சொல்லும் பால்செம்பை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மலைக்கோயிலுக்குத்தான் வரப்போகிறேன். படி ஏறும்போது இடது கையால் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா, அதில் ஏதும் தவறு இல்லையே?

காத்ர் போர்ன் கிழவர் எழுதியது:

தவறில்லை. பட்டையைக் கழற்றாமல் வா. படிக்கு இந்தப் பக்கம், செருப்பு வைக்கும் இடத்தில் என் மனைவி நிற்பாள். ஏழு கறிச் சாப்பாடு எங்கள் வீட்டில். பாலிப் பெண்ணையும் அழைத்து வா.